அப்பாவுக்காக எழுதிய வழித்தாள்

திமோன் வில்கோஷ், வயது இருபத்துநாலு, பிறந்தது போலந்தில் லூப்ளின் நகரம், மூன்று வருஷமாக இருப்பது ஐஸ்லாந்தின் தென்கரையில், வீக் ஊரைத் தாண்டி, பதினோரு கார்கள் நிற்கிற ஒரு தகரக் கொட்டகையில். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அந்தக் கார்களை வாடகைக்கு விடுவது ஒட்னி என்கிற அறுபது வயது அம்மாள். திமோனுக்கு வேலை கார் கழுவுவது. திரும்பி வருகிற வண்டியின் அடிவயிற்றில் அப்பிக்கிடக்கிற எரிமலைச் சாம்பலைத் தண்ணீர் பீய்ச்சி எடுப்பது, காற்றில் கதவு பிய்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பது, இருக்கைக்கு அடியில் கிடக்கிற கறுப்பு மணலையும் பிஸ்கட் தூளையும் உறிஞ்சி எடுப்பது. இவ்வளவுதான்.

வீட்டில் அவன் சொல்லியிருந்தது வேறு. மலை மேல் ஆட்களைக் கூட்டிப்போகிற வழிகாட்டி என்று சொல்லியிருந்தான்.

முதலில் அது பொய்யாக ஆரம்பிக்கவில்லை. போன வருஷம் ஒட்னி கொட்டகை ஆட்கள் எல்லாரையும் ஒருநாள் மலைக்குக் கூட்டிப்போனார். சிவப்புக் கூரை போட்ட ஒரு மலைக்குடில், அதற்குப் பின்னால் பனிமலை நாக்கை நீட்டி இறங்குகிற இடம். அங்கே இரவல் வாங்கிய ஆரஞ்சு நிறச் சட்டையில் நின்று படம் எடுத்து அனுப்பினான். அப்பா போனில் கேட்டார்.

“என்னடா, இங்கதான் வேலையா?”

“ஆமாப்பா.”

“ஜனங்களக் கூட்டிட்டுப் போறியா?”

“ஆமா… அந்த மாதிரிதான்.”

அந்த ‘அந்த மாதிரிதான்’ ஒரு வருஷத்தில் வளர்ந்து பெரிய ஆளாகிவிட்டது. அப்பா போகுமில் லூப்ளினில் முப்பத்தோரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். அந்தப் படத்தைப் பெரிதாக்கி டிப்போவில் ஓட்டுநர்கள் டீ குடிக்கிற அறையில் ஒட்டிவைத்திருந்தார். ஓய்வு பெற்ற கையோடு, ‘வர்றேன்டா, ஒரு காரை எடுத்து நானே ஓட்டிட்டுச் சுத்திப் பாக்கறேன்’ என்று ஆகஸ்டு கடைசியில் வந்து இறங்கியும் விட்டார். பெட்டியில் பாதி, வீட்டில் புகை போட்ட பன்றி சாசேஜ்.

கொட்டகையில் உடன் வேலை செய்கிற செவெரினும் போலந்துக்காரன்தான். அவனுக்கு எல்லாம் தெரியும். அப்பா முன்னாலேயே ஆரம்பித்தான்.

“என்ன கைடு சார், இன்னைக்கு எத்தனை பேர மலையேத்தினீங்க?”

“வாய மூட்றா.”

“பாத்தீங்களாப்பா, உங்க பையனுக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி.”

அப்பா சாசேஜில் ஒரு துண்டு வெட்டி செவெரின் கையில் வைத்தார். “அவன் சின்ன வயசிலேயே அப்படித்தான். பரிசு வாங்கினாக்கூட வீட்ல சொல்ல மாட்டான்.”

செவெரினுக்கு அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை. சாசேஜை வாயில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஒட்னியின் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. சாவி கைக்கு வரவேண்டுமானால் வழித்தாள் எழுத வேண்டும். எந்தப் பாதை, எந்த ஆற்றை எத்தனை மணிக்குத் தாண்டுவது, ராத்திரி எங்கே படுக்கை, எப்போது திரும்புவது. வண்டி ஓட்டுகிறவரே தன் கையால் எழுத வேண்டும். எழுதுகிறவரை ஒட்னி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார், ஆற்றைப் பற்றிப் பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்வார்: “மழை நாளுக்குப் பயப்படாதீங்க. வெயில் நாளுக்குப் பயப்படுங்க. காலைல முட்டியளவு தண்ணி. மத்தியானம் வெயில் பனிய உருக்கி அனுப்பும், சாயங்காலம் அதே இடம் காரையே தூக்கும். ஒன்பது மணிக்குள்ள தாண்டுங்க. முடியலையா, மறுநாள் காலை வரைக்கும் அந்தக் கரையிலயே உக்காருங்க. அலையில்லாம வழுவழுன்னு இருக்கிற இடத்துல இறங்கிடாதீங்க, அங்கதான் ஆழம்.” தாள் சுவரில் ஆணியில் தொங்கும். ஆறு தாண்டிப் போகிறவர் திரும்பித் தாண்டியதும் கொட்டகைக்குத் தகவல் சொல்ல வேண்டும். சொன்ன நேரம் கடந்து நாலு மணி நேரத்தில் தகவலோ வண்டியோ வராவிட்டால் ஒட்னி போனை எடுப்பார், மீட்புக்குழு கிளம்பிவிடும்.

அப்பாவை ஒட்னி முன்னால் நிறுத்த திமோனுக்குத் தைரியம் இல்லை. ஒட்னி மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாத பெண். ‘உங்க பையன் மாதிரி வண்டி கழுவ ஆள் கிடைக்காது’ என்று புகழ்ந்தே காட்டிக்கொடுத்துவிடுவார். செவ்வாய்க்கிழமை அதிகாலை அவர் வேறொரு காரைக் கொண்டுபோய்க் கொடுக்க வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து, திமோனே அப்பாவுக்காக வழித்தாளை எழுதினான். கடற்கரைச் சாலை, கிழக்கே, ஆறு எதுவும் தாண்டுவதில்லை, வெள்ளி மாலை ஆறு மணிக்குத் திரும்புவது. முதல் ராத்திரிக்குக் கிழக்கே ஒரு விடுதியில் படுக்கையும் பதிவு செய்துவைத்திருந்தான். அப்பா பெயரில் ஒரு கையெழுத்தும் கிறுக்கி ஆணியில் மாட்டினான்.

“அந்தப் போட்டோ எடுத்த இடம் எங்கடா?” என்று அப்பா சாவியை வாங்கும்போது கேட்டார்.

“அது ரொம்பத் தூரம்பா. நீங்க கடலோரமாவே போங்க. தார் ரோடு.”

“எனக்கு ரோடு சொல்லித் தர்றியா? சரி சரி.”

ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. போகாத ஊருக்கு எதற்கு வழி என்று நினைத்தான். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு கீறல்கூட விழாமல் பேருந்து ஓட்டியவருக்கு என்னத்தைச் சொல்வது என்றும் நினைத்தான். அன்றைக்குப் பளிச்சென்று வெயில். நல்ல நாளில் கிளம்புகிறார் என்று சந்தோஷப்பட்டான்.

சாயங்காலம் அறைக்கு வந்து பார்த்தால் அப்பாவின் போன் தலையணைக்கு அடியில் கிடந்தது. வண்டி ஓட்டும்போது போனைத் தொடாத மனுஷர். திமோன் சிரித்துக்கொண்டே அதைச் சார்ஜில் போட்டான்.

வெள்ளி ஆறு மணி ஆயிற்று. பத்து மணி ஆயிற்று. அடிவானத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. கார் வரவில்லை. ஒட்னி ஆணியிலிருந்து தாளை எடுத்துப் பார்த்து போன் செய்தார்.

மீட்புக்குழு என்றால் ஊர்க்காரர்கள்தான். ரொட்டிக்கடைக்காரர், மின்வேலை பார்க்கிறவர், பள்ளிக்கூட டீச்சர். தலைவர் ஸ்துர்லா ஆடு வளர்க்கிறவர், பேச்சு குறைவு. சம்பளம் இல்லாத வேலை. கூப்பிட்டால் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு வருவார்கள். சனிக்கிழமை முழுக்க, ஞாயிறு மத்தியானம் வரைக்கும், வழித்தாளில் இருந்தபடி கிழக்குக் கடற்கரையைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். விடுதியில் கேட்டால், எண்ணைத் தட்டிக் கதவு திறந்துகொள்கிற இடம், வராத ஆளைத் தேட அங்கே யாரும் இல்லை. அப்பா அங்கே போகவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. திமோன் அதுவரை வீட்டுக்குச் சொல்லவில்லை. அம்மா போன் செய்தபோதெல்லாம், ‘அப்பா சுத்திட்டிருக்கார்மா, போனை வெச்சுட்டுப் போயிட்டார்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தான். ஞாயிறு மத்தியானம் முடியாமல் போய் அக்கா யாக்னாவைக் கூப்பிட்டான்.

அவள் முழுசாகக் கேட்கவே இல்லை. “கடற்கரையா? ஏன்டா கடற்கரைல தேடறீங்க? அப்பா அந்தப் போட்டோல இருக்கிற இடத்துக்குல்ல போறேன்னார்? திங்கக்கிழமை என்கிட்ட பேசினாரே. மேப்ல கண்டுபிடிச்சுட்டேன், பையன் வேலை செய்ற இடத்தப் பாக்காம எப்படி வர்றதுன்னு. நீதான் கூட்டிட்டுப் போறேன்னு நான் நினைச்சுட்டிருக்கேன்!”

திமோன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஒட்னியிடம் போனான்.

“தாள எழுதினது அவர் இல்ல. நான்.”

ஒட்னி அவனையே பார்த்தார். “அவரு இங்க நின்னு எழுதலயா?”

“இல்ல.”

“ஆத்தப் பத்தி யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல.”

ஒட்னி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவனுக்கு. நாற்காலியில் உட்கார்ந்து, “அவர நான் கண்ணால பாக்கலன்னு எனக்குத் தெரியும். தாள் தொங்குதேன்னு விட்டுட்டேன்,” என்றார். பிறகு ஸ்துர்லாவைக் கூப்பிட்டு, எல்லாரையும் கிழக்கிலிருந்து திருப்பி மலைக்கு அனுப்பச் சொன்னார்.

திங்கள் மத்தியானம் கார் கிடைத்தது. மலைக்குடிலுக்குப் போகிற தடத்தைச் சாம்பலாறு என்று இங்கே சொல்கிற ஓர் ஆறு குறுக்கே வெட்டிப் போகிறது. தண்ணீர் சிமென்ட் கரைத்த மாதிரி இருக்கும், அடி தெரியாது. வாரத்துக்கு இரண்டு வண்டி போனால் அதிகம். கார், தாண்டுகிற இடத்துக்கு மூன்று கிலோமீட்டர் கீழே, பாதையிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு வளைவில், ஆற்றின் நடுவில் ஒரு கல் திட்டில் ஒருக்களித்து நின்றது. ஆள் இல்லை.

ஸ்துர்லா நேராக அவனிடம் வந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னார். “ஆண்டெனால சிவப்பு மப்ளர் கட்டியிருக்கு. கொடி மாதிரி. கூரை மேல படுக்கிற துணி விரிச்சிருக்கு. சாசேஜ் தோலு. ரெண்டு காலி பாட்டில்.”

“அப்படின்னா?”

“கூரை மேல உக்காந்திருந்திருக்கார்.”

“எவ்வளவு நேரம்?”

ஸ்துர்லா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “அப்புறம் நடந்து கரைக்கு வரப் பாத்திருக்கணும்,” என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் மலைக்குடிலுக்குப் போன டீச்சர் ஒருத்தி அங்கிருந்த வருகைப் புத்தகத்தின் பக்கத்தைப் படம் எடுத்துவந்தாள். யார் வந்தாலும் பெயர், ஊர், அடுத்து எங்கே போகிறோம் என்று அதில் எழுதிவைத்துவிட்டுத்தான் போக வேண்டும். போலிஷ் மொழியில் இருந்தது. படித்துச் சொல்லும்படி போனைத் திமோன் கையில் கொடுத்தார்கள்.

மீட்புக்குழு கூடுகிற பள்ளிக்கூட விளையாட்டறையில் எல்லாரும் ஆட்டுக்கறி சூப்போடு நின்றிருந்தார்கள். அவன் படத்தைப் பெரிதாக்கினான். கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்தது: முக்கோணம் மாதிரி எழுதுகிற ‘A’.

“படிப்பா,” என்றார் ஸ்துர்லா. “எங்க போறேன்னு எழுதியிருக்காரா?”

திமோன் படித்தான்.

“‘போகுமில் வில்கோஷ், லூப்ளின். காலை எட்டு நாற்பதுக்கு ஆற்றைத் தாண்டினேன், தண்ணீர் குறைவு. இங்கே என் மகன் வேலை செய்கிறான். ஜனங்களைப் பத்திரமாக ஆறு தாண்ட வைக்கிறான். இன்று அவன் இங்கே இல்லை, வேறு பக்கம் போயிருப்பான். மூன்று இருபதுக்குக் கிளம்புகிறேன். மகன் கிழக்கே விடுதியில் இடம் பதிவு செய்திருக்கிறான், எட்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.’”

யாரும் சூப் குடிக்கவில்லை. அவன் கார் கழுவுகிறவன் என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். செவெரின் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

“மூணு இருபதா,” என்றார் ஸ்துர்லா. “அங்கிருந்து ஆத்துக்கு ஒரு மணி நேரம். நாலரை. வெயில் நாள்.” சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல் நிறுத்தினார்.

குடிலில் நாலு கட்டில் இருந்தது. அடுப்பு இருந்தது. ஒரு ராத்திரி அங்கேயே படுத்திருந்தால், எட்டு நாற்பதுக்கு எப்படி வந்தாரோ அப்படியே மறுநாள் காலை திரும்பியிருப்பார். சொன்ன நேரத்துக்குச் சொன்ன நிறுத்தத்தில் நிற்கிற மனுஷர். விடுதியில் படுக்கை பதிவு செய்துவைத்தவன் திமோன்.

கூரைக் கணக்கை அவனே போட்டுப் பார்த்தான், யாரிடமும் கேட்கவில்லை. இரண்டு பாட்டில் தண்ணீர், அரை வளையம் சாசேஜ்: ஒரு நாள், இல்லையென்றால் ஒன்றரை நாள். அப்பா தன் கையால் வழித்தாள் எழுதியிருந்தால் குடிலுக்குப் போவதை எழுதியிருப்பார், திரும்புகிற நேரத்தை நிமிஷம் தவறாமல் எழுதியிருப்பார். ஒட்னி செவ்வாய் ராத்திரியே போனை எடுத்திருப்பார். புதன் காலையில் ரொட்டிக்கடைக்காரரும் மின்வேலைக்காரரும் கயிறு கட்டி இறங்கியிருப்பார்கள். அப்பா கூரை மேல் எழுந்து நின்று கை ஆட்டியிருப்பார். மறுபடி மறுபடி கூட்டிக் கழித்தான். வேறு விடை வரவில்லை.

செவ்வாய், புதன், வியாழன். ஆளுக்கு ஒரு குச்சியோடு ஆற்றோரமாக வரிசை போட்டு நடந்தார்கள். நாய் வந்தது. ஹெலிகாப்டர் இரண்டு தடவை வந்தது. திமோனும் நடந்தான், ஒட்னி கொட்டகையைப் பூட்டிவிட்டுக் கூடவே நடந்தார். கீழே போகப் போக ஆறு பத்துக் கிளையாகப் பிரிந்து கறுப்பு மணலில் பரவுகிறது. ஒவ்வொரு நாளும் கிளை இடம் மாறுகிறது. நேற்று நடந்த மணல் இன்று தண்ணீர். புதன்கிழமை ஒரு கிளையோரத்தில் அப்பாவின் இடது பூட்ஸ் கிடைத்தது. அதற்கப்புறம் எதுவும் கிடைக்கவில்லை.

வியாழன் மத்தியானம் ஸ்துர்லா அவனைத் தனியாகக் கூப்பிட்டார். விளையாட்டறையில் மற்றவர்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது.

“இன்னும் ஒரு நாள்,” என்றான் திமோன்.

“தேட ஆரம்பிச்சு ஆறு நாள் ஆச்சு தம்பி.”

“ஒரே ஒரு நாள். அந்தப் பக்கத்துக் கிளைய நாம சரியாப் பாக்கல.”

“பாத்தோம். நானே ரெண்டு தடவை பாத்தேன்.” ஸ்துர்லா அவன் தோளைத் தொடவில்லை, ஆறுதலாக எதையும் சொல்லவும் இல்லை. “சாம்பலாறு எடுத்தத எல்லாம் திருப்பித் தராது. என் சித்தப்பாவ எடுத்துச்சு. நான் பொய் சொல்ல விரும்பல.”

“அப்ப அவ்வளவுதானா?”

“ரெண்டு வாரத்துல மேயற ஆடுகள ஓட்டிவர மலைக்குப் போவோம். எல்லாப் பண்ணைக்காரங்களும் வரிசையா இறங்கி வருவோம். கண்ணத் தொறந்து வெச்சுக்கச் சொல்றேன். அதுக்கப்புறம் பனி விழுந்துடும்.”

செவெரின் ஒரு கிண்ணம் சூப் கொண்டுவந்து நீட்டினான். “குடிடா.”

“வேணாம்.”

“ரெண்டு நாளா எதுவும் உள்ள போகல. குடி, இல்லேன்னா மூக்கப் புடிச்சு ஊத்துவேன்.”

திமோன் வாங்கினான். கிண்ணம் சரிந்து பாதி தரையில் சிந்தியது. செவெரினே குனிந்து துடைத்தான்.

அப்பாவைக் காணவில்லை என்பதை யாக்னா ஞாயிறே அம்மாவிடம் சொல்லியிருந்தாள்; தேடல் நிற்பதை இவன்தான் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், காற்று அடிக்காத சுவரோரமாக நின்று கூப்பிட்டான். அம்மா முதல் மணியிலேயே எடுத்தாள். போனைக் கையிலேயே வைத்திருந்திருக்கிறாள்.

“கிடைச்சாரா?”

“நிறுத்தப் போறாங்களாம்மா.”

“யாரு?”

“எல்லாரும்.”

“அவங்க நிறுத்தட்டும். நீ எதுக்கு நிறுத்தறே? உனக்குத் தெரியாத மலையா அது? எத்தன பேர அந்த ஆத்தத் தாண்ட வெச்சிருக்கே? நீயே நாலு பேரக் கூட்டிட்டுப் போய்த் தேடேன்டா!”

காற்று சுவரைச் சுற்றிவந்து அவன் முகத்தில் மண்ணை அடித்தது. போனைக் கையால் மூடிக்கொண்டான்.

“அம்மா, நான் கைடு இல்ல.”

“என்னது?”

“கார் கழுவறேன். மூணு வருஷமா. அந்த எடத்துக்கு ஒரே ஒரு தடவதான் போயிருக்கேன். போட்டோ எடுத்த அன்னைக்கு. அப்பா ஆபீசுக்கு வந்தா தெரிஞ்சுடும்னு அவர உள்ள வரவிடல. தாள நானே எழுதினேன். ஆத்தப் பத்தி நான் சொல்லல. யாரையும் சொல்லவும் விடல.”

அந்தப் பக்கம் டிராம் கம்பி உரசுகிற சத்தம்போல் என்னவோ கேட்டது, லூப்ளினின் டிராலி பேருந்து ஜன்னலுக்கு வெளியே போகிறது.

“கார் கழுவறது ஒரு குத்தமாடா?” என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. “உங்கப்பா முதல் பத்து வருஷம் வண்டிய அவரே கழுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். நான் அவர் கை வெடிப்புக்கு எண்ணெய் தேய்ச்சு விடுவேன். நீ பக்கத்துல உக்காந்து பாத்திருக்கே. அவர்கிட்ட சொல்றதுக்கு உனக்கு என்ன வெக்கம்?”

அவன் தன் கையில் இருந்த வெடிப்பைப் பார்த்தான்.

“அம்மா…”

“இரு. யாக்னா வர்றா. எனக்கு முடியல.”

அக்கா போனை வாங்கவில்லை. இணைப்பு அப்படியே திறந்து கிடந்தது. சமையலறைக் குழாய், நாற்காலி இழுபடுகிற சத்தம், யாரோ கதவைத் திறந்து மூடுவது. திமோன் பேட்டரி தீருகிற வரைக்கும் காதில் வைத்துக்கொண்டு நின்றான்.

வெள்ளிக்கிழமை மழை. மீட்புக்குழு வண்டிகள் வீட்டுக்குப் போய்விட்டன. ஸ்துர்லா ஆட்டுக்கொட்டிலின் வேலியைச் சரிசெய்ய ஆரம்பித்தார். ஒட்னி கொட்டகையைத் திறந்தார். ஸ்பெயினிலிருந்து வந்த இரண்டு பேர் கவுண்டரில் நின்று வழித்தாள் எழுதினார்கள். திமோன் மணலுக்குப் போனான். சனிக்கிழமையும் போனான். அதிலிருந்து தினமும் வேலை முடிந்து போகிறான், கிடைக்கிற வெளிச்சம் தீருகிற வரைக்கும் நடக்கிறான். அந்த இடம் ஒரு ஆள் நடந்து தீர்க்கிற இடம் இல்லை. அது அவனுக்கும் தெரியும்.

அதனால்தான் இந்த வேண்டுகோள். வீக் ஊருக்குக் கிழக்கே, சாம்பலாறு கடலில் சேர்கிற கறுப்பு மணல் பக்கம் கார் ஓட்டிக்கொண்டு போகிறவர்கள், ஆடு ஓட்டப் போகிறவர்கள், குதிரையில் போகிறவர்கள், யாராக இருந்தாலும் தயவுசெய்து கீழே பார்த்து நடங்கள். போகுமில் வில்கோஷ், வயது அறுபத்துமூன்று, நல்ல உயரம், நரைத்த மீசை, கரு நீலக் கம்பளிச் சட்டை, வலது காலில் பழுப்பு நிற பூட்ஸ், இடது கை மணிக்கட்டில் பழைய எஃகுக் கடிகாரம். துணித்துண்டு கிடைத்தாலும் போதும். எடுக்க வேண்டாம், இடத்தைக் குறித்துக்கொண்டு அவசர எண் நூற்றுப் பன்னிரண்டுக்குப் போன் செய்யுங்கள். முடியாவிட்டால் பக்கத்துப் பண்ணையில் சொல்லுங்கள். லூப்ளினில் அவர் மனைவி இன்னும் எதையும் புதைக்கவில்லை.